அந்த ஸ்டூல் ஏன் காலி?

குடிநோய் வார்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கட்டிலில் கணவன். பக்கத்து ஸ்டூலில் பிளாஸ்க்கும் கையுமாக மனைவி. 'இவர் குடியை விட்டா போதும் டாக்டர்' என்று அழுவாள்.

கட்டிலில் கிடப்பது அவளாக இருந்தால்? ஸ்டூல் காலி!

'பொம்பளை குடிக்கலாமா? கலி முத்திடுச்சு' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, குடிக்கிற 17 ஆண்களுக்கு ஒரு பெண். அடிமையானவன் ஆண் என்றால் நோயாளி. பெண் என்றால் நடத்தை கெட்டவளா?

பெண் உடம்பில் நீர் குறைவு. அதனால் அதே அளவு மது அவள் ரத்தத்தில் கூடுதலாக ஏறும். கல்லீரல் சீக்கிரம் கெடும். ஆனாலும் சிகிச்சைக்கு வர பயப்படுகிறாள். விஷயம் தெரிந்தால் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொள்வார்களே! 'வீட்டுல பூட்டி வெச்சா சரியாயிடும்' என்கிறீர்களா? நெடுநாள் குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.

சமூகப் பணியாளர் அவளிடம் முதலில் கேட்க வேண்டியது 'ஏன் குடிச்சே?' என்றல்ல. 'சாப்பிட்டியாம்மா? புள்ளைங்க யார்கிட்ட இருக்கு?' அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வழி செய்யாமல் அவள் எப்படி வார்டில் தங்குவாள்?

போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. டயல் செய்ய அவள் கை நடுங்கும். நீங்கள் செய்யுங்கள். அப்புறம், அந்த ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.