கர்ப்பிணிக்குத் தரும் மருந்து

மூலிகை மருந்தால் தீங்கு வராது என்னும் நம்பிக்கை நம் மக்களிடையே கர்ப்ப காலத்தில் மற்றெப்போதையும்விட ஓங்கி நிற்பதைச் சித்த மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்ட நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆங்கில மருந்து வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அஞ்சும் பெண், தொண்டை கமறி இருமல் விடாதபோது நாட்டு மருந்துக் கடைக்கு ஆள் அனுப்புகிறாள். கடைக்காரர் அதிமதுரத்தையும் சித்தரத்தையையும் ஆடாதோடைப் பொடியையும் கைக்கு வந்த அளவில் அள்ளி ஒரே காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார். பொட்டலத்தின்மேல் மருந்தின் பெயரும் இல்லை, அளவும் இல்லை. உண்ணப் போகிறவள் ஐந்து மாதக் கர்ப்பிணி என்பதை அவர் கேட்கவுமில்லை, வாங்கச் சென்றவர் சொல்லவுமில்லை.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் அசிரத்தையாக இருந்தவர் அல்லர். கலப்பைக் கிழங்கும் கொடிவேலி வேரும் எருக்கம்பாலும் கருவுக்கும் தாயின் உயிருக்குமே அபாயமானவை என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். பப்பாளிக் காயைக் கர்ப்பிணிக்கு விலக்கினார்கள். காயில் வடியும் பால் எலியின் கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்வதையும், நன்கு பழுத்த பழத்தின் சாறு அவ்வாறு செய்யாமையையும் 2002இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு காட்டியபோது, காயைப் பற்றிய பாட்டிமாரின் எச்சரிக்கை மெய்யென விளங்கிற்று. மசக்கைக்கு அவர்கள் கொடுத்த இஞ்சியோ, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் அளவில் குமட்டலைத் தணிப்பதாகப் பல பரிசோதனைகளில் தேறியிருக்கிறது.

ஆனால் அனுபவம் என்னும் சாட்சிக்கு ஓர் எல்லை உண்டு. உண்ட மறுநாள் கரு கலைந்தால் ஊரே அறியும். உண்டதன் விளைவு பத்து ஆண்டு கழித்துப் பிள்ளையின் புத்தியில் தோன்றினாலோ, ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்றில் மட்டுமே நேர்ந்தாலோ, எத்தனை கூர்மையான வைத்தியரும் தம் ஆயுளில் அதற்கும் இதற்கும் தொடர்பு கண்டிருக்க முடியாது. ஆகவே, தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வருகிறோம், ஒரு கெடுதலும் கண்டதில்லை என்னும் நம் வாதம், விரைவில் வெளிப்படும் தீங்குகளுக்கு மட்டுமே செல்லும். மெல்ல வளரும் தீங்கைப் பற்றி அது ஒன்றும் சொல்லுவதில்லை.

இதற்கு அதிமதுரமே தக்க உதாரணம். தாயின் இரத்தத்திலுள்ள கார்ட்டிசால் மிகுதியாகச் சிசுவைச் சென்றடையாதபடி நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவல் செய்கிறது. அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் அந்நொதியை முடக்குகிறது. அதிமதுர மிட்டாயை விரும்பி உண்ணும் பின்லாந்தில், வாரத்துக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கிளிசிரைசின் உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகள் பன்னிரண்டு வயதளவில் அறிவுச் சோதனைகளில் பின்தங்கியதாக ஆய்வாளர் எழுதினர். இத்தகைய ஆய்வு காரணத்தை முற்றாக நிலைநாட்டிவிடாது என்பது மெய்யே. எனினும் அந்நாட்டார் 2016இல் கர்ப்பிணிகள் அதை அதிகமாக உண்ணலாகாது என்று அறிவித்துவிட்டனர். வீட்டில் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வதை இதனோடு ஒப்பிட வேண்டுவதில்லை. மாதக்கணக்கில் சூரணமாகக் கொடுப்பதை நாம் மறுபடி எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும். ஆடாதோடையும் அவ்வாறே: அதன் வாசிசின் கர்ப்பப்பையைச் சுருக்கும் இயல்புடையது என்று விலங்குகளில் கண்டிருக்க, இருமல் என்ற சொல்லைக் கேட்டவுடன் அதன் மணப்பாகை எடுத்து நீட்டுவது சிகிச்சை ஆகாது.

மூலிகையைக் காட்டிலும் அதனோடு கலந்து வரும் பொருள் கேடு விளைவிப்பதும் உண்டு. 2011-12இல் நியூயார்க் நகரில், இந்தியாவிலிருந்து சென்ற ஆயுர்வேத மருந்துகளை உண்ட ஆறு கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 16 முதல் 64 மைக்ரோகிராம் வரை இருந்தது. 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே கவனித்தாக வேண்டும் என்பது அப்போது அங்கிருந்த வழிகாட்டுதல். எலும்பில் தங்கும் ஈயம், கர்ப்ப காலத்தில் எலும்பு கரையும்போது மீண்டும் இரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடந்து சிசுவை அடைகிறது. பற்ப செந்தூரங்களைக் கையாளும் நமக்கு இது அயலார் செய்தி அன்று. சோதனைச் சான்று இல்லாத தயாரிப்பு எதுவும், அது எத்துணைப் பெரிய பெயரோடு வந்தாலும், கர்ப்பிணியின் கைக்குப் போகலாகாது.

தமிழ்நாட்டு அரசே கர்ப்பிணிகளுக்கென்று 11 சித்த மருந்துகள் அடங்கிய மகப்பேறு சஞ்சீவிப் பெட்டகத்தை வகுத்தளித்த நிலையில், நம் மருத்துவம் மகப்பேற்றில் பெற்றிருக்கும் இடம் சிறிதன்று. பொறுப்பும் அதற்கேற்பப் பெரிதாகிறது. அப்பொறுப்பை நிறைவேற்றுவதற்கு முதற்கண் வேண்டுவது எழுத்துதான். கருத்தரிக்கும் வயதுடைய ஒவ்வொரு பெண்ணையும் மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்டறிந்த பின்னரே மருந்து எழுத வேண்டும். நோயாளிச் சீட்டில் எத்தனையாவது மாதம், என்ன மூலிகை, எந்தப் பாகம், குடிநீரா சூரணமா லேகியமா, எத்தனை நாள் என்பவற்றைக் குறிப்பதோடு, அவள் வீட்டிலும் கடையிலுமாக உண்பவற்றையும் குறிக்க வேண்டும். அச்சீட்டின் பிரதி பிரசவம் பார்க்கும் மருத்துவருக்கும் போக வேண்டும். தாய் உண்ட வெந்தயத்தால் பிறந்த குழந்தையிடம் பாகு மணம் வீச, அதைக் கொடிய பரம்பரை நோயின் அறிகுறியோ என்று மருத்துவர் ஐயுற்ற நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. தாய்க்கோ சேய்க்கோ மருந்தினால் கேடு நேர்ந்ததாகச் சந்தேகம் எழுந்தால், ஆயுஷ் அமைச்சகத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் ஒரு மையமாகவுள்ள தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு அதை உடனே தெரிவிக்க வேண்டும். இவ்வாறு தெரிவிப்பது மருத்துவத்துக்கு இழுக்கு என்று கருதுவோர் இன்னும் நம்மிடையே உளர். மறைக்கப்பட்ட ஒரு கேடு அடுத்த கர்ப்பிணிக்கும் நேரும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் மூன்று மாதத்தில், உணவாகப் பழகிய அளவைக் கடந்த எந்த மூலிகையையும் தக்க காரணமின்றிக் கொடுப்பதில்லை என்பதை நம் தொழிலின் பொது விதியாக ஏற்போமாக. மருந்து வேண்டியதில்லை என்று கர்ப்பிணியிடம் துணிந்து சொல்வதும் வைத்தியமே.