சந்தையூர் புரோவேன்

சாம்பேன் என்றதும் நம்மவர் நினைவில் எழுவது ஒரு மதுவின் பெயரே. அம்மதுவுக்குப் பெயரளித்த நாடு 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் மேலை ஐரோப்பாவுக்கே சந்தையாய் விளங்கிற்று என்பதை அறிந்த மாணாக்கர் மிகச் சிலர். சரித்திர பாடத்தில் அவர்கள் மனனஞ் செய்வன அரசர் பெயரும் போர் நிகழ்ந்த ஆண்டுமே. சந்தை கூடிய ஊர்களுக்கு அங்கு இடமில்லை. இஃது ஒரு பெருங்குறை என்பது என் கருத்து.

பாரிஸ் நகருக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 80 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது புரோவேன். அதற்குக் கடல் அயலிலில்லை, பேராறும் பாய்வதில்லை. ஆயினும், சாம்பேன் நாட்டில் ஆண்டுதோறும் சுழன்று கூடிய 6 பெருஞ்சந்தைகளுள் இரண்டு, மே மாதத்தில் ஒன்றும் செப்தெம்பரில் ஒன்றுமாக, இங்கேயே கூடின. பிளாண்டர்சு நாட்டார் கம்பளித் துணி கொணர்ந்தனர். இத்தாலியர் பட்டும் வாசனைச் சரக்கும் கொணர்ந்தனர். மலையாளக் கரையில் விளைந்த மிளகு செங்கடல் கடந்து, அலெக்சாந்திரியா வழியாக இத்தாலியர் கைப்பட்டு, அங்கே தராசில் ஏறிற்று. முதலிற் துணி, பின்னர்த் தோல், அதன்பின் எடையிட்டு விற்கும் சரக்கு, ஈற்றிற் கணக்குத் தீர்த்தல் என ஒரு சந்தை 6 வாரமளவில் நடந்தது. உரோமாபுரியின் ஆட்சிமன்றம் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாணயம் அடித்தபோது புரோவேன் நாணயத்தையே மாதிரியாகக் கொண்டது எனின், அவ்வூரின் மதிப்பை வேறு கூறவும் வேண்டுமோ?

இச்சிறப்பு இடவாய்ப்பால் வந்தது என்பர் சிலர். அஃது எனக்கு உடன்பாடன்று. 1148இல், புரோவேன் சந்தைக்குச் சென்ற வெசலே ஊர் நாணயமாற்று வணிகரைப் பிரபு மகனொருவன் வழிமறித்துக் கொள்ளையிட்டான். கொள்ளை நிகழ்ந்ததோ பிரெஞ்சு மன்னனுக்குரிய பெருவழியில். சாம்பேன் கோமகன் இரண்டாம் திபோ, தன் எல்லைக்குப் புறத்தே நடந்ததென வாளாவிருந்தானல்லன். மன்னன் சிலுவைப் போருக்குச் சென்றிருந்தமையின், ஆட்சியைப் பார்த்துவந்த மடாதிபதி சூழேருக்கு ஓலை விடுத்து, வணிகர் இழந்த பொருளை மீட்டளிக்குமாறு வற்புறுத்தினான். அயல்நாட்டார் அவ்வூரை நம்பி வந்தது இத்தகைய காவலாலேயே. 1209இல் மன்னன் இரண்டாம் பிலிப்பும் சந்தைக்குச் செல்வோர்க்கு வழிக்காவல் அளித்தான். சந்தைக் காவலர் என்னும் அதிகாரிகள் வழக்குத் தீர்த்தனர். கடன் கொடாது ஓடியவனைக் கொண்டு அவன் ஊரார் அக்கடனைத் தீர்ப்பிக்காவிடின், அவ்வூரார் அனைவர்க்குமே சந்தை அடைபட்டது. கடுமைதான், ஆனால் மொழி அறியாத வணிகனுக்கு அதனினும் மேலான பிணை வேறென்ன உண்டு?

1284இல் சாம்பேன் நாட்டுக்கு உரியவளான ஜான், பிரெஞ்சு இளவரசன் பிலிப்பை மணந்தாள். மறு ஆண்டில் அவன் அரசனாகச் சந்தைகளும் அரசன் கைப்பட்டன. 1291இல் அவன் இத்தாலிய வணிகரைச் சிறைப்படுத்திப் பொருள் கறந்தான். 1297இல் பிளாண்டர்சுடன் போர் மூண்டது; துணி வணிகர் வரவு குன்றிற்று. செனோவா நகரக் கப்பல்கள் 1277 முதல் கடல்வழியே பிளாண்டர்சு செல்லத் தொடங்கியதே சந்தையின் அழிவுக்குக் காரணம் என்பாரும் உளர். அதுவும் ஒரு காரணமே. எனினும் காப்பவனே பறிக்கத் தொடங்கிய பின், வணிகன் வேறு வழி தேடியதில் வியப்பென்ன?

13ஆம் நூற்றாண்டில் எழுந்த புரோவேன் மதிலின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. யுனெஸ்கோ 2001இல் அந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. மதிலைக் காணச் செல்வோர் செல்க. யானோ, 1148இல் திபோ விடுத்த அவ்வோலையைப் பற்றியே மாணாக்கருக்கு முதலிற் சொல்வேன்.