எத்தனை 'ஒன்று'?

மும்பை திலக் நகர் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் லோகமான்ய திலக் டெர்மினஸ். செம்பூர், தாராவித் தமிழர்கள் ஊருக்கு ரயில் ஏறும் இடங்களில் ஒன்று. அங்கிருந்து கிளம்பும் கோயம்புத்தூர் எக்ஸ்பிரஸில் ஒரே பெர்த்தை இருவருக்கு விற்றால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை.

கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்தில் அதைத் தடுத்தது ரிஜிஸ்டர். ரயிலின் ரிஜிஸ்டர் எந்தக் கவுண்ட்டரில் இருக்கிறதோ, அங்கேதான் க்யூ. எரிச்சலூட்டும் ஏற்பாடு, ஆனால் கணக்கு ஓரிடத்தில் இருந்தது.

சாஃப்ட்வேரில் இதே யோசனைக்கு 'சிங்கிள்டன்' என்று பெயர். 1994ல் எரிக் காமா உள்ளிட்ட நால்வர் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலின் 23 உத்திகளில் ஒன்று. ஒரு பொருளுக்கு ஒரே பிரதிதான் என்பது விதி. ஜாவாவில் 'ஸ்டாடிக்' என்ற சொல்லைச் சேர்த்தால் வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

முடிவதில்லை. அந்த 'ஒன்று' ஒரு சர்வரில் ஓடும் ஒரு ஜாவா மெஷினுக்குள் மட்டுமே ஒன்று. (கறாராகச் சொன்னால், ஒரு கிளாஸ் லோடருக்குள்.) கூட்டத்தைச் சமாளிக்க நான்கு சர்வர் வைத்தால் நான்கு ரிஜிஸ்டர். பாக்கி பெர்த் எண்ணிக்கையை அதில் வைத்திருந்தால் கடைசி பெர்த் நான்கு பேருக்குப் போகும். புரோகிராமரின் மேஜையில் இருப்பது ஒரே மெஷின் என்பதால் சோதனையில் இது பிடிபடாது. ஸ்லீப்பர் தட்கல் திறக்கும் காலை 11 மணி போன்ற நெரிசலில்தான் வெளியே வரும்.

தொடக்கத்திலேயே இன்னொரு கண்ணி உண்டு. ஸ்டாடிக் சமாச்சாரங்கள், அந்த கிளாஸை முதன்முதலில் தொடும்போது ஒரே ஒரு தடவை தயாராகின்றன. அந்த நொடியில் டேட்டாபேஸ் படுத்திருந்தால் போச்சு. முதலில் வந்தவருக்கு உண்மையான காரணத்தோடு பிழைச் செய்தி கிடைக்கும். அடுத்து வருபவர்கள் அனைவருக்கும் 'கிளாஸே இல்லை' என்ற பொருளில் ஒரு செய்தி. என்ஜினீயர்கள் காணாமல் போகாத ஃபைலைத் தேடி அலைவார்கள். டேட்டாபேஸ் அடுத்த நிமிடமே எழுந்துவிட்டாலும் பயனில்லை. கிளாஸை மறுபடி ஏற்றும்வரை, பெரும்பாலும் சர்வரையே நிறுத்திக் கிளப்பும்வரை, கதவு திறக்காது.

எச்சரிக்கை இல்லாமலில்லை. சன் நிறுவனம் 1998ல் வெளியிட்ட எண்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ் விதிகளிலேயே மாறும் ஸ்டாடிக் தகவலுக்குத் தடை இருந்தது. 2009ல் வந்த 3.1 பதிப்பு சிங்கிள்டனை முறைப்படி அனுமதித்தது. அதுவும் ஒரு ஜாவா மெஷினுக்கு ஒன்று என்ற கணக்கில்தான். நாலு சர்வர் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

ரயில்வே 1999ல் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து முன்பதிவு மையங்களையும் 'கான்செர்ட்' மென்பொருளால் இணைத்தபோது ரிஜிஸ்டரைப் பிரதி எடுத்து ஊர் ஊராகக் கொடுக்கவில்லை. எந்த ஊரில் கேட்டாலும், கேள்விதான் அந்த ரயிலின் கணக்கு இருக்கும் மையத்துக்குப் போகிறது. சர்வர் புரோகிராமிலும் எண்ணிக்கை டேட்டாபேஸில் இருக்கட்டும், பூட்டும் அங்கேயே. ஸ்டாடிக்கில் வைக்க, புரோகிராம் ஓடும்வரை மாறாத சங்கதிகள் ஏராளம் உண்டு.