2040 ஆருக்கான டெட்லைன்?

எங்கட லூயிஷாமில, சவுத் சர்க்குலர் ரோட்டுக்குக் கிட்ட இருந்த சிறுமி எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா 2013 பிப்ரவரியில ஆஸ்துமாவால இறந்துபோனா. வயது 9. அதுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் எண்டு 2020 டிசம்பரில மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். நுண்துகளுக்குப் பாதுகாப்பான அளவே இல்லை எண்டு பிறகு அறிக்கையிலும் எழுதினார்.

2023ல வந்த இங்கிலாந்தின் சட்ட இலக்கு: பிஎம் 2.5 ஆண்டுச் சராசரி, கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம், 2040க்குள். உலக சுகாதார நிறுவனம் இதே 10ஐ 2005லேயே சொல்லி, 2021ல 5 ஆக்கிப்போட்டுது. 35 வருசம் லேட்டா டெலிவரி எண்டா என்ர கிளையன்ட் என்னைக் கலைச்சிருப்பார்.

ரெண்டு சினாரியோ ஓட்டிப் பாருங்கோ. ஒண்டு இப்பவே இறங்குது, மற்றது 2039ல சடாரெண்டு விழுது. 2040ல ரெண்டும் 10தான், ரெண்டுக்கும் பாஸ். ஆனா கோட்டுக்குக் கீழ இருக்கிற பரப்பு வேற. அதுதான் இடையில பிள்ளைகள் சுவாசிச்ச காற்று.