எழுத்தும் எழுத்துருவும்

எழுத்தாளர்களைச் சந்திக்கும்போது எந்தப் பேனாவால் எழுதுகிறீர்கள் என்று கேட்பது முன்பு ஒரு வழக்கம். இன்று எந்த மென்பொருளில் எழுதுகிறீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வி வெறும் ஆர்வத்தால் எழுவதன்று. பேனா தொலைந்தாலும் தாளில் எழுதியது நிற்கும். மென்பொருளில் எழுதியது அப்படி நிற்கும் என்று சொல்வதற்கில்லை.

சென்ற ஆண்டு நின்றுபோன சிற்றிதழ் ஒன்றின் பழைய கோப்புகள் எங்கள் கைக்கு வந்தன. 1997-இல் ஒரு சொற்செயலியில் தட்டச்சு செய்யப்பட்ட பதினொரு சிறுகதைகள். கோப்புகளில் பழுது ஏதும் இல்லை. ஆனால் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் பொருளற்ற குறிகளுமே தெரிந்தன. அந்நாளைய தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது கணினிக்கு ஆங்கிலமாகவே இருந்தது. எழுத்துரு இல்லாமற்போனதும் தமிழும் மறைந்துவிட்டது.

பரவலாகப் புழங்கிய எழுத்துருக்களுக்கு மாற்றிகள் உண்டு. இதுவோ யாரோ ஓர் அச்சகத்தார் தங்களுக்கென்று செய்துகொண்டது. நல்வேளையாக ஏழு கதைகள் இதழில் அச்சாகியிருந்தன. அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கல்வெட்டு வாசிப்பவர்களைப் போல, எந்தக் குறி எந்த எழுத்து என்று பட்டியலிட்டோம். அதைக் கொண்டே அச்சேறாத நான்கு கதைகளையும் மீட்டோம். ஒரு கதைகூட அச்சாகாமல் இருந்திருந்தால்? சுவடியைக் கறையான் தின்றது என்று வருந்துகிறோம். இங்கே சுவடி முழுதாக இருக்க, படிக்க மட்டும் முடியாமற்போயிருக்கும்.

நிரல் எழுதுபவர்கள் இந்தச் சிக்கலில் அதிகம் மாட்டுவதில்லை. அவர்கள் சொற்செயலியை நாடாமல் உரைத்திருத்தியை நாடுகிறார்கள். 1976-இல் பிறந்த ‘விஐ’யும் ‘ஈமேக்ஸ்’உம் இன்றும் புழக்கத்தில் உள்ளன. உரைத்திருத்தி எழுத்தை மட்டுமே சேமிக்கிறது. நாம் தட்டாத எதையும் தானாகச் சேர்ப்பதில்லை. சொற்செயலியோ நேர்மேற்கோளை அழகுக்காக வளைத்துவிடும். கதையில் அது அலங்காரம், நிரலில் அது பிழை. டொனால்ட் க்னூத் தம் நூலின் அச்சுக்கோப்பு பிடிக்காமல் 1977-இல் ‘டெக்’ என்ற அச்சமைப்பு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அதிலும் மூலப்பிரதி வெறும் எழுத்துதான். பக்கத்தின் அழகைப் பிறகு மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. எழுதப்பட்டது வேறு, அதன் தோற்றம் வேறு என்ற இந்தத் தெளிவைத்தான் இலக்கியம் எழுதும் நாம் கைவிட்டோம்.

சொற்செயலியே கூடாது என்பதன்று எங்கள் வாதம். அடிக்குறிப்புக்கும், மெய்ப்புத் திருத்தத்துக்கும், பதிப்பகத்துக்கு அனுப்பும் இறுதி வடிவத்துக்கும் அது வசதியானதே. ஆனால் மூலப்பிரதியை அதனிடம் மட்டும் ஒப்படைத்துவிட முடியாது. விண்டோஸ் 95-உடன் வந்து ஏறத்தாழ முப்பதாண்டுகள் வீட்டுக்கு வீடு இருந்த ‘வேர்ட்பேட்’ 2024-இல் விண்டோஸிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

உரைத்திருத்தி மட்டும் இருந்தாலும் போதாது. எழுத்துகளுக்குப் பொதுவான குறியீடும் வேண்டும். 1991-இல் வந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் ‘நோட்பேட்’ தன் இயல்புநிலைச் சேமிப்பை யூடிஎஃப்-8 ஆக மாற்றிக்கொண்டது 2019-இல்தான். அதற்குமுன் எச்சரிக்கையைக் கவனிக்காமல் ‘ஆன்ஸி’ முறையில் சேமித்தவர்களுக்கு ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒரு கேள்விக்குறியாக மாறியது. அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து எந்த மாற்றியாலும் கதையை மீட்க இயலாது.

ஆகவே எழுதும் நண்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் சிறியது. எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் வெறும் உரைக்கோப்பாக, யூடிஎஃப்-8 முறையில், ஒரு பிரதி சேமித்து வையுங்கள். தாளிலும் ஒன்று எடுத்து வையுங்கள். அந்த நான்கு கதைகளை எழுதியவர்களில் ஒருவர் இன்று இல்லை. அவருடைய கதையை நாங்கள் படிக்க முடிந்தது, அதே இதழில் வேறு யாரோ எழுதிய கதைகள் அச்சாகியிருந்த தற்செயலால். எல்லாருக்கும் அந்தத் தற்செயல் வாய்க்காது.