நாடே இருட்டில்... சுருட்டு விற்பனை மட்டும் உச்சத்தில்! கியூபா சிகார் இவ்வளவு காஸ்ட்லி ஏன்?

2024 அக்டோபர் 18. கியூபாவின் மிகப்பெரிய அனல்மின் நிலையம் பழுதாகி நிற்க, நாடு முழுவதும் கரண்ட் கட். சுமார் 1 கோடி மக்கள் இருட்டில் தவித்தனர்.

அதே 2024-ல்தான் கியூபா சுருட்டின் உலக விற்பனை 82.7 கோடி டாலரைத் தொட்டது. நம்ம ரூபாயில் சுமார் 7 ஆயிரம் கோடி! அதற்கு முந்தைய ஆண்டு இது 72.1 கோடி டாலர்தான்.

ரொட்டிக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நிற்கிற ஒரு நாட்டின் சுருட்டுக்கு, உலகப் பணக்காரர்கள் ஏன் இவ்வளவு கொட்டிக் கொடுக்கிறார்கள்? அப்படி என்னதான் இருக்கு அதில்? பார்க்கலாம்.

எல்லாம் மண்ணில் இருந்து தொடங்குது

கியூபாவின் மேற்குக் கோடியில் இருக்கிறது பினார் டெல் ரியோ மாகாணம். அங்குள்ள வுவெல்டா அபாஹோ பகுதியின் செம்மண்தான் உலகின் மிகச்சிறந்த புகையிலை விளையும் மண்ணாகக் கொண்டாடப்படுகிறது. வெளியே சுற்றுகிற மேலுறை இலைக்கான செடிகளை வெயில் நேரடியாகப் படாமல் துணிப்பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். இலை மெல்லிசாக, வழவழப்பாக வர வேண்டும் என்பதற்காக!

செடியை மொத்தமாக வெட்டுவது கிடையாது. கீழிருந்து மேலாக, சில நாள் இடைவெளி விட்டு, கையாலேயே இலை பறிக்கிறார்கள். அதை மரக் கொட்டகைகளில் தொங்கவிட்டு வாரக்கணக்கில் உலர்த்துகிறார்கள். பிறகு போர் போல அடுக்கி வைத்தால் இலை தன் சூட்டிலேயே புளிக்கும். காரமும் நெடியும் குறைந்து, மணம் கூடுவது இந்தக் கட்டத்தில்தான்.

ருசி எங்கிருந்து வருது?

காபி, கோகோ, தேன், தேவதாரு மரம்... சிகார் ரசிகர்கள் இப்படி வரிசையாக ருசி சொல்வார்கள். ஆனால் இதில் எந்த எசென்ஸும் சேர்ப்பதில்லை. இருப்பது வெறும் இலைதான்.

செடியின் உச்சியில் வெயில் அதிகம் வாங்கிய இலை 'லிஹெரோ'. காரம் அதிகம், மெதுவாக எரியும். நடுவில் இருப்பது 'செகோ'. மணம் தருவது இது. அடியில் இருப்பது 'வொலாடோ'. சீராக எரிய உதவுவது இது. இந்த மூன்றையும் எந்த அளவில் கலக்கிறார்கள் என்பதுதான் ஒவ்வொரு பிராண்டின் ரகசியம். 1966-ல் ஃபிடல் காஸ்ட்ரோவுக்காக உருவான கொஹீபாவில், உள்ளே வைக்கிற செகோ, லிஹெரோ இலைகளை மூன்றாவது முறையும் புளிக்க வைக்கிறார்கள்.

கைதான் மெஷின்

இலையைச் சுருட்டுபவர் 'டார்சிடோர்'. கையில் இருப்பது வளைந்த கத்தி ஒன்று, கொஞ்சம் தாவரப் பசை, அவ்வளவுதான். உள்ளே இலையை ரொம்ப இறுக்கினால் புகை வராது. தளர விட்டால் சூடாகி கசக்கும். இந்தப் பதம் கைக்கு வருவதற்கே மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

கை வேலையில் இருக்க, காதுக்கும் வேலை உண்டு. தொழிலாளர்களுக்குச் செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசித்துக் காட்டும் 'லெக்டோர்' என்ற வாசிப்பாளர் வழக்கம் 1865-ல் ஹவானாவில் தொடங்கியது. 'மான்டெகிறிஸ்டோ' என்ற பிராண்ட் பெயரே, அப்படி வாசிக்கக் கேட்ட நாவலில் இருந்து வந்ததுதான் என்பார்கள்.

விலை எகிறியது எப்போ?

கியூபா சிகாரை உலகம் முழுக்க விற்பது ஹபானோஸ் நிறுவனம். பாதி கியூபா அரசுடையது, மீதி வெளிநாட்டு முதலீட்டாளர்களுடையது. 2022-ல் இந்த நிறுவனம் ஒரு முடிவெடுத்தது. கொஹீபா, டிரினிடாட் சுருட்டுகளுக்கு ஹாங்காங்கில் என்ன விலையோ, அதையொட்டியே உலகம் முழுக்க விலை. சில சந்தைகளில் ஒரே இரவில் விலை மடங்காக உயர்ந்தது. இத்தனைக்கும் அமெரிக்கச் சந்தை 1962-ல் இருந்தே மூடிக் கிடக்கிறது!

ஆக, இந்த உச்சத்துக்கு சுருட்டு அதிகமாக உருண்டதுதான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. விலை ஏறியதும் முக்கியக் காரணம்.

அப்போ ஆபத்து எங்கே?

2022 செப்டம்பர் 27 அன்று 'இயான்' புயல் பினார் டெல் ரியோவைப் புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கான உலர்த்தும் கொட்டகைகள் தரைமட்டம். 2024 நவம்பரில் 'ரஃபேல்' புயலும் மேற்கு கியூபாவைத் தாக்கியது. வீரியமான இலைகளை 2 ஆண்டு வரை பதப்படுத்திய பிறகுதான் சுருட்டுவார்கள். அதனால் வயலில் இன்று விழுந்த அடி, கடையில் தெரிய ஆண்டுகள் ஆகும்.

இன்னொரு சிக்கல், ஆட்கள். 2022, 2023-ல் மட்டும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் நாட்டை விட்டு வெளியேறியதாக கியூபாவின் புள்ளிவிவரத் துறையே சொன்னது. விதையைப் பாதுகாக்கலாம், கொட்டகையைத் திரும்பக் கட்டலாம். பயிற்சி பெற்ற கை விமானம் ஏறிவிட்டால்?

சரி, இவ்வளவு பணம் வருதே, கரண்ட் பிரச்சினையைத் தீர்க்க முடியாதா? முடியாது. 82.7 கோடி டாலர் என்பது மொத்த விற்பனை. செலவும் கூட்டாளிகளின் பங்கும் போக மிஞ்சுவதுதான் அரசுக்கு. உணவு இறக்குமதிக்கு மட்டுமே கியூபா ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் செலவழிக்கிறது. எரிபொருள் செலவு தனி.

கடைசியாக ஒன்று. எவ்வளவு விலை கொடுத்தாலும் புகை புகைதான். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். வாய், தொண்டை, உணவுக்குழாய் புற்றுநோய்க்கு சிகாரும் காரணம். உள்ளிழுக்காமல் பிடித்தாலும் ஆபத்து உண்டு.

ஹாங்காங் ஹோட்டல் ஒன்றில் சிறிது நேரத்தில் சாம்பலாகிற அந்தச் சுருட்டுக்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பைத் தந்தவர் வீட்டில் இன்று இரவு விளக்கு எரியுமா என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.