பொதிக் கம்பனி கைமாறினால் நமக்கென்ன?

ஒரு கூரியர் கம்பனியை இன்னொரு கம்பனி வாங்கினால் அது முதலாளிமார் விவகாரம், தோட்டத்துக்கு என்ன வந்தது என்று நம்மவர் பலர் கேட்கிறார்கள். சிலாபத்திலிருந்து புத்தளம் வரை தேங்காய் பறித்து, உரித்து வளர்த்த பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று மோட்டார் சைக்கிளில் பொதி கொண்டு ஓடுகிறார்கள் என்று பாருங்கள். சைக்கிள் அவர்களுடையது, பெற்றோலும் அவர்களுடையது. கூலி பொதிக்கு இவ்வளவு என்ற கணக்கு.

டராஸ் நிறுவனத்தை 2018இல் சீனாவின் அலிபாபா வாங்கியது. 2023 பெப்ரவரியில் டராஸ் தன் மொத்த ஊழியரில் 11 சதவீதத்தினரைக் குறைப்பதாக அறிவித்தது. இந்தியாவில் 2025இல் டெல்லிவரி நிறுவனம் தன் போட்டியாளரான ஈகொம் எக்ஸ்பிரஸை சுமார் 1,400 கோடி இந்திய ரூபாவுக்கு வாங்கியது. அதற்கு அங்குள்ள போட்டி ஆணைக்குழுவின் அனுமதி தேவைப்பட்டது. ஐரோப்பாவில் யூபிஎஸ், டிஎன்டி கம்பனியை வாங்க முயன்றபோது, 15 நாடுகளில் போட்டி குறையும் என்று சொல்லி ஐரோப்பிய ஆணைக்குழு 2013 ஜனவரியில் தடுத்தது. (அந்தத் தடை செல்லாது என்று நீதிமன்றம் பிறகு தீர்த்தது வேறு கதை.) 2016இல் அதே டிஎன்டியை ஃபெடெக்ஸ் 440 கோடி யூரோவுக்கு வாங்கியது. 2021இல் இரண்டையும் ஒன்றாக்கும் வேலையின் பேரில் ஐரோப்பாவில் 5,500 முதல் 6,300 வேலைகள் வரை போகும் என்று அறிவித்தார்கள். ஆணைக்குழுக்கள் விலையைப் பார்க்கும், ஆளைப் பார்க்காது. அது நம் சங்கங்களின் வேலை.

நம் நாட்டில் விலையைப் பார்க்கவும் ஆள் இல்லை. 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் கம்பனி இணைப்புகளை விசாரிக்க அதிகாரம் இருந்தது. 2003இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வந்தபோது அந்த அதிகாரத்தை விட்டுவிட்டார்கள். ஆகவே நாளை இரண்டு பொதிக் கம்பனிகள் சேர்ந்து, பொதிக்கு கொடுக்கும் கூலியைக் குறைத்தால், பிள்ளைகள் போய் நிற்க மூன்றாவது வாசல் இருக்காது. தபால் திணைக்களத்தை நட்டக் கணக்குக் காட்டி ஒதுக்கப் பார்ப்பவர்களை நான் எதிர்ப்பதும் இதனால்தான். லாபம் இல்லாத லயத்துக்கும் கடிதம் கொண்டுவர வேண்டிய கடமை அதற்குத்தான் உண்டு.

1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனபோது, பழைய சேவைக்கால கணக்கு என்னவாகும் என்று நம் பெரியவர்கள் பட்ட கவலை நினைவிருக்கும். சேவைக்காலப் பணம் பெற ஐந்து வருட சேவை வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். பொதிக்காரப் பிள்ளையை ‘சுயதொழில் செய்பவர்’ என்று எழுதி வாங்கிக்கொண்டால் இரண்டுமே இல்லை. அவர்களைத் தொழிலாளர் என்று சட்டம் ஏற்க வேண்டும். அதற்கு முன் நம் சங்கமே அவர்களை அங்கத்தவராக ஏற்க வேண்டும். தோட்டத்துப் பெயர்ப்பட்டியலில் இல்லாதவருக்கு சந்தா அட்டை எதற்கு என்ற பேச்சை இனி விடுவோம்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்: கம்பனி அனுப்பும் குறுஞ்செய்தி, நாளாந்தப் பொதிக் கணக்கு, வங்கியில் விழுந்த பணம், எல்லாவற்றுக்கும் இன்றே பிரதி எடுத்து வீட்டில் வைக்கட்டும். கம்பனி கைமாறிய பிறகு பழைய செயலி திறக்காமலே போகலாம்.